பால்பவுடர் டப்பாவுக்குள் ஒரு வழக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போடிநாயக்கனூரில் நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் அறைக்கு ஒரு அக்கா வந்தார். வாரத்தில் ஆறு நாள் விடியும் முன்பே ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் இறங்கி வருகிறவர். கையில் ஒரு பழைய பால்பவுடர் டப்பா. மூடியைத் திறந்து, ஜாக்கெட் துணியில் சுற்றியிருந்த ஒரு செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பேட்டரி உப்பிப்போய் பின்மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“இதுக்குள்ளதான் தாயி எம்மவன் கேசு கெடக்கு. ஆன் பண்ணிப் பாத்தேன், வரமாட்டேங்குது. வக்கீலய்யா அடுத்த வாய்தாவுக்கு இதக் கொண்டாரச் சொல்லிட்டாரு.”

வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஊரையும் பேரையும் இங்கே எழுதவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஜீப் நிற்கும் இடத்தில் வைத்து அவருடைய மகனைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்தார்கள். பக்கத்தில் நின்ற மகள் அதை இந்தப் போனில் படம் பிடித்தார். இரண்டு நிமிடம்கூட வராத வீடியோ. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அன்றைக்குப் போனை யாரும் கைப்பற்றவில்லை. சிடியில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள், போட்டுக் கொடுத்தார்கள். அந்த சிடியோடு எந்தச் சான்றிதழும் வைக்கப்படவில்லை. இப்போது எதிர்த்தரப்பு கேட்கிறது: இந்த வீடியோ எங்கிருந்து வந்தது, மூலம் எங்கே?

மூலம் பால்பவுடர் டப்பாவுக்குள் இருந்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14-வது பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் இயன்றவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது. அந்த ‘இயன்றவரை’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வருடம் அடங்கும் என்று நம் காலனிகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த ஒன்பது வருடத்தில் அந்தப் போனின் மாடல் கடைகளிலிருந்து போய்விட்டது. அதற்கு வரும் அப்டேட் நின்றுவிட்டது. 2023 அக்டோபர் 24 முதல், ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழே உள்ள போன்களில் வாட்ஸ்அப் நின்றபோது, இதிலும் நின்றுவிட்டது. கடைசியில் பேட்டரியும் போனது. வழக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது.

இளைய தோழர்களிடம் நாங்கள் சொல்ல வருவது இதைத்தான். நம் கையில் இருக்கும் கருவிகளின் ஆயுளை முடிவு செய்வது ஏதோ ஒரு கம்பெனி. நம் வழக்குகளின் ஆயுளை முடிவு செய்வது வாய்தாக்கள். முதலாவது குறைந்துகொண்டே போகிறது, இரண்டாவது நீண்டுகொண்டே போகிறது. நடுவில் விழும் இடைவெளியில் சாட்சியம் செத்துப்போகிறது. அந்த இடைவெளியை அடைப்பது நம் வேலைகளில் ஒன்று.

புதுப் போன் வாங்குகிறவருக்கு இத்தனை வருட அப்டேட் உண்டு என்று விளம்பரம் சொல்கிறது. நம் தெருவுக்கு வரும் போன்களில் பாதி செகண்ட் ஹேண்ட். வேறு யாரோ இரண்டு மூன்று வருடம் வைத்திருந்து, கடையில் மாற்றிவிட்டுப் போனதைத் தவணையில் வாங்குகிறோம். போன் நம் கைக்கு வரும்போதே அதன் காலம் முக்கால்வாசி முடிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது: ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் மென்பொருள் அப்டேட் தர வேண்டும், ஏழு வருடம் உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஓர் இணையதளம் தொடங்கியது. அதற்குமேல் ஐரோப்பா மாதிரி கட்டாயம் எதுவும் நம் செகண்ட் ஹேண்ட் கடைவரை வந்து சேரவில்லை.

அக்காவின் போனைத் தொடுவதற்கு எங்களுக்குப் பயமாக இருந்தது. காரணம், இதற்கு முன்னால் ஒரு போனை நாங்களே கெடுத்திருக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன்பு, கூலி பாக்கி விவகாரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் எங்களிடம் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வாரா வாரம் கங்காணியின் கூலி நோட்டைப் படம் எடுத்து வைத்திருந்தார். எத்தனை நாள் வேலை, எவ்வளவு முன்பணம் பிடித்தது, எவ்வளவு கொடுத்தது எல்லாம் அதில் இருந்தது. தோட்டத்தில் எழுத்தில் வேறு எதுவும் தரமாட்டார்கள். அந்தப் போன் ஒருநாள் கம்பெனி பெயரைக் காட்டியபடியே நின்றுவிட்டது. நாங்கள் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். “சாஃப்ட்வேர் போயிருச்சு, புதுசா போட்டாத்தான் வரும்” என்றார்கள். சரி என்றோம். சாயங்காலம் போன் பளிச்சென்று வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. புது சாஃப்ட்வேர் போடுவதென்றால் போனைத் துடைத்துவிட்டுப் போடுவது என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. படித்தவர்கள் என்று நம்பித்தான் அந்தப் பெண்கள் எங்கள் கையில் கொடுத்தார்கள்.

பேச்சுவார்த்தையில் அவர்கள் சொன்ன நாள் கணக்கை யாரும் ஏற்கவில்லை. பாதிப் பணம்தான் வந்தது. “போகுது விடு தாயி” என்று எங்களுக்கு அவர்களே ஆறுதல் சொன்னார்கள். அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் இந்த முறை நிதானமாகச் செய்தோம். முதலில் வழக்கறிஞரிடம் பேசினோம். போனைத் தொடும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, மாடலும் ஐஎம்இஐ எண்ணும் எழுதி, இன்ன தேதியில் இன்னாரிடமிருந்து வாங்கினோம் என்று ஒரு தாளில் அக்காவின் கையெழுத்தோடு பதிவு செய்தோம். உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போடவில்லை. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும், குத்தினால் வெடிக்கும். நல்லவேளை, பின்மூடியைக் கழற்றி பேட்டரியை எடுக்கிற காலத்துப் போன் அது. எங்கள் காலனித் தம்பி ஒருவர் செல்போன் ரிப்பேர் செய்கிறார். உடைந்துபோன அதே மாடல் போன் ஒன்றிலிருந்து பேட்டரி எடுத்துக் கொடுத்தார். சார்ஜிங் பின்னில் ஒன்பது வருட அழுக்கு. பிரஷ் வைத்துச் சுத்தம் செய்தார். “சாஃப்ட்வேர் பக்கம் கைய வைக்கக் கூடாதுப்பா” என்று நாங்கள் மூன்று முறை சொன்னோம். “தெரியும்ணே” என்று மூன்று முறையும் சொன்னார்.

சிம்மைக் கழற்றிவிட்டு ஆன் செய்தோம். வந்தது. பேட்டர்ன் லாக் கேட்டது. அக்காவுக்குத் தெரியவில்லை. தப்பாகப் போட்டுப் பார்க்கவும் தைரியமில்லை. கம்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளுக்குப் போன் போட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. “‘ப’ எழுதுங்க. மேல இடது பக்கம் ஆரம்பிச்சு.”

திறந்தது. தேதி தாறுமாறாக இருந்தது. பேட்டரி முழுக்கச் செத்துக் கிடந்தால் அப்படித்தான் ஆகும். அதையும் மாற்றாமல் தாளில் குறித்துக்கொண்டோம். வீடியோ இருந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். நாங்களும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. கோப்பு இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது என்பது மட்டும் போதும்.

நகல் எடுத்த கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தோழர் ஒருவர் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு இலவச லேப்டாப் அது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் நம் வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதை ‘ஓசி லேப்டாப்’ என்று கேலி செய்தவர்கள் உண்டு. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டே அதைக் கொடுத்தார்கள். நம்மில் பலர் அந்தப் பக்கம் போகவே இல்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பழைய சிப்களை ஏற்காது. ஆகவே பலர் பரணில் போட்டுவிட்டார்கள், சிலர் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நாங்கள் ஹார்டுடிஸ்க்கை எடுத்துவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினோம். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆன மெஷின், இன்றும் எங்கள் வகுப்பில் ஓடுகிறது. கைவிடப்பட்ட அந்த லேப்டாப்தான் கைவிடப்பட்ட இந்தப் போனைப் படித்தது.

நகல் எடுத்தவுடன் ‘ஹாஷ்’ எடுத்தோம். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டளை கொடுத்தால் நீளமான ஓர் எண்ணெழுத்து வரிசை வரும். கோப்பில் ஓர் எழுத்தளவு மாறினாலும் அந்த வரிசை முற்றிலும் மாறிவிடும். இன்றைக்கு எடுத்த ஹாஷும் ஐந்து வருடம் கழித்து எடுக்கும் ஹாஷும் ஒன்றாக இருந்தால், யாரும் கை வைக்கவில்லை என்று காட்டலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிய நகலுக்கு இந்தக் கைரேகை பொருந்தாது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. ‘அதான் குரூப்ல இருக்கே’ என்று மூலத்தை அழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மூலக் கருவியை அதன் உரிமையாளரே சாட்சிக் கூண்டில் ஏறிக் காட்டினால் தனிச் சான்றிதழ் தேவையில்லை. நகலை மட்டும் கொடுத்தால், சாட்சியச் சட்டம் 65பி(4)-ன் கீழ் சான்றிதழ் கட்டாயம். 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் இது 63-வது பிரிவு. அதன் சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பை எழுத இடம் இருக்கிறது. ஒரு பகுதியைக் கருவியை வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், இன்னொரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். புதுச் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டம்தான். ஆக, அக்கா ஒன்பது வருடம் டப்பாவில் வைத்திருந்தது வெறும் பழைய போன் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் சரியானதைச் செய்திருக்கிறார். படித்த நாங்கள் செய்யத் தவறியதை.

ஒரு பதிவு எவ்வளவு கனமானது என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூனில் அந்த இளைஞர் கொல்லப்பட்டார். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் சிசிடிவி பதிவு அந்த வழக்கின் முக்கியச் சான்றுகளில் ஒன்று. மதுரைச் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு 2022 மார்ச்சில் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் அதை உறுதி செய்தது. சாட்சிகள் பிறழ்ந்தாலும் பதிவு நின்றது. சிசிடிவி பதிவுகள் பொதுவாகச் சில வாரங்களில் தாமாகவே அழிந்து, மேலே புதுப் பதிவு ஏறிவிடும். சரியான நேரத்தில் எடுத்து, முறையாகப் பாதுகாத்தால் மட்டுமே ஒரு காட்சி ஏழெட்டு வருடம் தாண்டி நீதிமன்றத்துக்கு வந்து பேசும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆதரவு முடிந்த கருவியின் ஓட்டைகளை யாரும் அடைப்பதில்லை. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் லேப்டாப்பை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், நெட்வயர் என்ற தீம்பொருள் வழியாக வெளியிலிருந்து அதற்குள் ஆவணங்கள் வைக்கப்பட்டன என்று அறிக்கை தந்தது. 2021 பிப்ரவரியில் அது வெளியே வந்தது. பழைய போனை உயிரோடு வைத்திருங்கள், ஆனால் அதை நெட்டில் விடாதீர்கள். சிம் வேண்டாம், வைஃபை வேண்டாம். சாட்சியம் இருக்கும் கருவிக்குச் சாட்சியம் சொல்வது மட்டும்தான் வேலை.

வீடியோவைப் போலவே எழுத்தும் செத்துப்போகிறது. எங்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில் வேலை செய்தவர்கள் அடித்த துண்டறிக்கைகள், உண்மை அறியும் குழு அறிக்கைகள் ஒரு சிடியில் கிடைத்தன. திறந்தால் தமிழே இல்லை, ஏதோ ஆங்கில எழுத்தும் குறிகளும். பேஜ்மேக்கரில், வானவில் எழுத்துருவில் அடித்தவை. தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடை ஏற்கும்வரை ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். லிப்ரே ஆஃபிஸ் அந்தக் கோப்புகளில் பலவற்றைத் திறக்கிறது. உள்ளே இருக்கும் எழுத்தை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றலாம். ஒரு விடுமுறையில் நான்கு மாணவர்கள் உட்கார்ந்தார்கள். முக்கால்வாசி மீண்டது. மீதி சிடியில் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது.

1989-ல் போடியில் நடந்த சாதிக் கலவரத்தைப் பற்றி இன்றைய மாணவர் கேட்டால், நம்மிடம் இருப்பது பெரியவர்களின் நினைவும் கொஞ்சம் தாள்களும்தான். அன்று செல்போன் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கு நம்மைப் பற்றிக் கேட்கும்போது அப்படிச் சொல்ல முடியாது. எல்லோர் கையிலும் கேமரா இருந்தது, பிறகு ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்பார்கள்.

அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907-ல் தொடங்கியது. ‘தமிழன்’ என்று பெயர் மாறி, 1914-ல் அவர் இறக்கும்வரை நடத்தினார். பிறகு பல பத்தாண்டுகள் அந்த எழுத்து பொதுவெளியில் இல்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைத் தேடிச் சேர்த்துக் காத்ததால்தான், 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாக அவை நமக்குத் திரும்பி வந்தன. யாரோ ஒருவர் வீட்டில், யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்த காகிதம். நம் வரலாறு இப்படித்தான் பிழைத்து வந்திருக்கிறது.

ஒரே இடத்தில் வைப்பதும் போதாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். ஆட்களோடு சேர்ந்து அவர்களின் அட்டை, படம், போன் எல்லாம் மண்ணுக்குள் போனது. மலையில் இருப்பதன் நகல் ஒன்று கீழே இருக்க வேண்டும். கீழே இருப்பதன் நகல் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும்.

நாங்கள் இப்போது பின்பற்றும் வழக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1. வீடியோவோ படமோ எடுத்த அன்றே போனிலிருந்து கேபிள் வழியாக நகல் எடுங்கள். வேறு வழியில்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். மூலத்தை அழிக்காதீர்கள்.

2. ஹாஷ் எடுத்து, தேதியோடு தாளில் எழுதி, வழக்கறிஞரிடம் ஒரு பிரதி கொடுங்கள். சான்றிதழை அப்போதே தயார் செய்யச் சொல்லுங்கள்.

3. போன் மாற்றினால் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றி வையுங்கள். முடியாவிட்டால் பாதி சார்ஜில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அதற்குப் பொருந்தும் சார்ஜரையும் சேர்த்தே வையுங்கள்.

4. பேட்டர்னையும் பின் நம்பரையும் நம்பிக்கையான இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள். எல்லோருக்கும் ‘ப’ ஞாபகம் வைத்திருக்கும் மகள் இருக்க மாட்டார்.

5. ரிப்பேருக்குக் கொடுத்தால் ‘சாஃப்ட்வேர் போடக் கூடாது, ரீசெட் பண்ணக் கூடாது’ என்று சொல்லி, பக்கத்திலேயே உட்காருங்கள்.

6. பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு. அடிபட்டவரின் முகத்தைக் குரூப் குரூப்பாக அனுப்புவது போராட்டம் ஆகாது. பாதிக்கப்பட்டவர் கேட்டால் தவிர யாருக்கும் காட்டாதீர்கள்.

வேலை முடிந்ததும் போனை எங்கள் பீரோவில் வைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டோம். பூட்டு இருக்கிறது, பத்திரமாக இருக்கும் என்றோம். அவர் கொஞ்ச நேரம் போனையே பார்த்தார்.

“ஒம்பது வருசமா நான்தான வெச்சிருக்கேன். நானே வெச்சுக்கிறேன்.”

அவர் சொன்னது சட்டப்படியும் சரி. கூண்டில் ஏறிக் காட்டப்போவது அவர் குடும்பம்தான். புது பேட்டரியைத் தனியாக ஒரு கவரில் போட்டு, சார்ஜரைச் சுற்றி, எண்கள் எழுதிய தாளின் ஒரு பிரதியை மடித்து டப்பாவுக்குள் வைத்தோம். மூடியை அழுத்தி மூடி, முந்தானையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள் காலை நான்கரைக்கு ஜீப். வாய்தா அடுத்த மாதம்.

ஜெய்பீம்.